மலைத்தவளைக்குப் புதுப் பெயர் வைப்பது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளைப் பொறுத்தவரை, கண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஒரே புதரில் உட்கார்ந்திருக்கும் பச்சைத் தவளையும் பழுப்புத் தவளையும் ஒரே இனமாக இருக்கலாம். அடுத்தடுத்த மலைகளில் பிடித்த, அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு தவளைகள் வேறு வேறு இனங்களாக இருக்கலாம். அப்படியென்றால் ‘இது புதிய இனம்’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

முதலில் காதைத்தான் நம்புகிறார்கள். மழைக்கால இரவில் ஆண் தவளை பெண்ணை அழைக்கக் கத்துகிறது. பெண் பெரும்பாலும் தன் இனத்தின் குரலுக்குத்தான் வரும். ஆகவே இரண்டு கூட்டங்களின் குரல் தெளிவாக வேறுபட்டால், அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதற்கு அது நல்ல தடயம். குரலைப் பதிவுசெய்து கணினியில் வரைபடமாக விரித்துப் பார்க்கிறார்கள்: ஓர் அழைப்பில் எத்தனை துடிப்புகள் (விட்டுவிட்டு வரும் சிறு ஒலிகள்), எவ்வளவு நேரம் நீள்கிறது, எந்த அதிர்வெண்ணில் ஓங்கி ஒலிக்கிறது என்று. இதில் ஒரு சிக்கல் உண்டு. தவளையின் உடல்சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிர் கூடினால் துடிப்புகளின் வேகம் குறையும். உடல் பெரிதாக இருந்தால் குரல் தடிக்கும். அதனால் அந்த இடத்தின் வெப்பநிலையை அப்போதே குறித்துக்கொண்டு, கத்திய அதே தவளையைப் பிடித்து அளக்க வேண்டும். வெப்பநிலை குறிக்காத பதிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஒப்பிட உதவாது என்றே சொல்வேன்.

அப்புறம் உடல். மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை உள்ள நீளம், செவிப்பறையின் குறுக்களவு, விரல் நுனித் தட்டுகளின் அகலம், பின்னங்கால் விரல்களுக்கிடையே சவ்வு எதுவரை ஓடுகிறது, தோல் வழுவழுப்பா சொரசொரப்பா என்று நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். அது முழுதாக வளர்ந்த தவளைதானா என்பதும் முக்கியம். 2017-ல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இராத்தவளை என்ற வேறொரு வகையில் ஏழு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. அவற்றில் நான்கு, கட்டைவிரல் நகத்தின் மேல் உட்காரும் அளவே ஆனவை. ஈரமான சருகுக்கும் புல்லுக்கும் அடியில் ஒளிந்து பூச்சிபோலக் கத்துவதால், அவ்வளவு காலம் யார் கண்ணிலும் படவில்லை. இத்தனை சிறிய தவளையைக் குட்டி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆணின் தொண்டையில் குரல்பையோ, பெண்ணின் வயிற்றில் முட்டையோ இருந்தால் அது வளர்ந்த தவளை என்று உறுதியாகிறது.

மூன்றாவது சாட்சி மரபணு. தொடையிலிருந்தோ கல்லீரலிலிருந்தோ கடுகளவு திசுவை எடுத்து எத்தனாலில் போடுகிறார்கள். உடலை ஃபார்மலினில் பதப்படுத்தும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். தவளைகளில் பெரும்பாலும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள 16எஸ் மரபணுவை ஒப்பிடுகிறார்கள். 3% அளவுக்கு வேறுபாடு தெரிந்தால் ‘கவனித்துப் பார்’ என்று பொருள், தீர்ப்பு ஆகிவிட்டது என்றல்ல. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டும் வருவதால் அது பாதிக் கதையைத்தான் சொல்லும். தாய், தந்தை இருவழியிலும் வரும் செல் உட்கருவின் மரபணுக்களையும் பார்த்தாக வேண்டும். இரு மலைகளின் உச்சியில் மட்டும் தவளை பிடித்து, நடுவில் இருக்கும் சரிவுகளைத் தேடாமல் விட்டால், படிப்படியாக மாறும் ஒரே இனம்கூட இரண்டாகத் தெரியும்.

மலைகளில் இனங்கள் இப்படிப் பிரிவதற்குக் காரணம் தாழ்நிலம்தான். புதர்த்தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளிவரும். குளமோ ஓடையோ தேவையில்லை, ஆனால் ஈரம் வேண்டும். வெப்பமும் வறட்சியுமான பாலக்காட்டுக் கணவாய் அதற்குக் கடல் மாதிரி. ஒவ்வொரு மலையும் தீவாகிவிடுகிறது.

பலரும் கவனிக்காத வேலை அருங்காட்சியகத்தில் நடக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் மிகக் கடினமான பகுதி. 19-ஆம் நூற்றாண்டில் பெயரிடப்பட்ட தவளைகளின் மூல மாதிரிகள், அதாவது பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட உடல்கள், லண்டனிலும் கொல்கத்தாவிலும் சாராயப் புட்டிகளில் நிறம் வெளுத்துக் கிடக்கின்றன. அன்றைய விவரிப்பு சில வரிகள்தான். பிடித்த இடம் ‘மலபார்’ என்று மட்டும் இருக்கும். நாம் கையில் வைத்திருப்பது அந்தப் பழைய இனங்களில் ஒன்றாக இருந்தால் நாம் வைக்கும் பெயர் செல்லாது, விலங்கியல் பெயரீட்டு விதிப்படி முதலில் வைத்ததே நிற்கும். இலங்கையில் சில தவளை இனங்களுக்கு, அவை காட்டில் அழிந்துபோன பிறகு, இத்தகைய பழைய மாதிரிகளை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

எல்லாம் ஒத்துவந்தால் ஒரு தவளையை மூல மாதிரியாகத் தேர்ந்து, எண்ணிட்டு, பொது அருங்காட்சியகத்தில் வைத்து, விவரிப்பை வெளியிடுகிறார்கள். அதற்காகத் தவளையைக் கொல்வது எனக்கும் உறுத்தல்தான். ஆனாலும், நாளை ஒருவர் சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்க அந்த உடல்தான் இருக்கும். பரவலாக வாழ்வதாக நினைத்த ஓர் இனம் இப்படி நான்காகப் பிரிந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மலைதான் வீடு என்று தெரியவரும். அழிவின் விளிம்பில் இருக்கிறதா என்ற மதிப்பீட்டையும் அப்போது ஒவ்வொன்றுக்கும் தனியாக, முதலிலிருந்து செய்ய வேண்டும்.