பத்தடி தூரத்தில் இருந்த டப்பா

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. ஒரு ஜனவரி காலையில், விறகுக்குக் காட்டுக்குப் போய்வரும் அம்மா ஒருவர் கடுங்காய்ச்சலோடு வந்தார். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. இரத்தம் எடுத்த கையோடு ஊசிக்கு மூடி போட்டேன்; குறி தப்பி விரலில் இறங்கியது. "காட்டில் குரங்கு ஏதாவது செத்துக் கிடந்ததா அம்மா?" என்று அதற்குப் பிறகுதான் கேட்கத் தோன்றியது. "இரண்டு கிடந்தன தம்பி" என்றார்.

குரங்குக் காய்ச்சல் 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டது. உண்ணிக் கடியால் வருவது; குரங்குகளையும் கொல்வது. பந்திப்பூரும் வயநாடும் அதைப் பார்த்துவிட்டன. நாம் இரண்டையும் ஒட்டித்தான் இருக்கிறோம். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதாகத் தெரியவில்லை என்றதும் எங்கள் ஆட்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். ஆனால் மாதிரிகளைக் கையாண்ட ஆய்வகப் பணியாளர்களுக்கு அது தொற்றியிருக்கிறது. எச்.ஐ.வி. பயம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்கலாம். இதற்கு அப்படி எதுவும் கிடையாது.

இன்னொரு உண்ணிக் காய்ச்சலான கிரிமியன்-காங்கோ, நோயாளியின் இரத்தம் பட்டாலே தொற்றும். 2011 ஜனவரியில் குஜராத்தின் சானந்த் பகுதிப் பெண் ஒருவர் அதற்குப் பலியானார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவரும் செவிலியரும் இறந்துபோனார்கள். அந்தப் பெண் இறந்த பிறகே நோயின் பெயர் தெரியவந்தது. கையுறை போட அதுவரை காத்திருக்க முடியுமா?

மூடி போடக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல; பயிற்சியில் நானே பிறருக்குச் சொன்னதுதான். பயன்படுத்திய ஊசியைப் போடும் வெள்ளை டப்பா பத்தடி தள்ளி, அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. திறந்த ஊசியோடு கூட்டத்துக்குள் நடக்க அஞ்சித்தான் எல்லோரும் மூடி போட்டோம். 'மூடி போடாதே' என்று சுவரொட்டி ஒட்டியவர்கள் யாரும் டப்பாவை நகர்த்தவில்லை. மூடாமல் குப்பைப் பையில் விழுந்த ஊசி தூய்மைப் பணியாளர் அக்காவின் கையில் ஏறும். அவருக்குக் கொடுத்திருந்ததோ மெல்லிய கையுறை.

குத்தியதும் விரலைப் பிதுக்கினேன். அதுவும் தவறு; ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். திட்டுக்குப் பயந்து மாலையில்தான் சொன்னேன். உண்ணி கடித்த மூன்று முதல் எட்டு நாளில் குரங்குக் காய்ச்சல் தொடங்கும் என்பதால், காலையும் மாலையும் தெர்மாமீட்டரும் கையுமாக இருந்தேன். அம்மாவுக்கு வந்தது எலிக் காய்ச்சல் என்று முடிவு வந்தது.

இப்போது டப்பா தள்ளுவண்டியிலேயே தொங்குகிறது. இரத்தம் எடுத்து முடித்ததும் என் இடக்கை இன்னமும் மூடியைத் தேடுகிறது.