எதிர்பாராத பாட்டு ஏன் கூடுதலாக இனிக்கிறது?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “புது ஊர் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ எனக்கு மிகப் பிடித்த பாட்டு ஒலித்தது. உடம்பே சிலிர்த்துவிட்டது. அதே பாட்டு என் போனிலும் இருக்கிறது, போட்டுக் கேட்டால் இப்படி ஆவதில்லை. ஏன்?”

பாட்டு அதேதான், காதும் அதேதான். மாறியது ஒன்றுதான்: இந்த முறை அது வரும் என்று அவருக்குத் தெரியாது. மூளையைப் பற்றி நாம் கண்டுபிடித்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று இந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் இருக்கிறது.

முதலில், அத்தனை இரைச்சலுக்கு நடுவே பாட்டு எப்படிப் பிடிபடுகிறது? செவிப்பறை, மூன்று சிற்றெலும்புகள், காக்ளியா எல்லாம் பள்ளியில் படித்ததுதான். காக்ளியா ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து மூளைக்கு அனுப்புகிறது. ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரபலமான பாடல்களிலிருந்து வெறும் 100 மில்லிசெகண்ட் துண்டுகளை வெட்டிப் போட்டுக்காட்டினார்கள். அது எந்தப் பாட்டு என்று பட்டியலிலிருந்து கண்டுபிடிப்பதில், குருட்டாம்போக்கு ஊகத்தைவிடக் கேட்டவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மெட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. ஒரே சுரத்தை வாசித்தாலும் வயலின் வேறு, புல்லாங்குழல் வேறு என்று காட்டிக்கொடுக்கும் அந்த ஒலிக்குணம் மட்டும்தான் இருக்கும். அதுவே போதுமாக இருந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2019-ல் கண்பாவையை அளந்து பார்த்தார்கள். பழகிய பாட்டு தொடங்கிய 100 முதல் 300 மில்லிசெகண்டுக்குள் பாவை விரியும் விதம் மாறிவிடுகிறது. “அட, நம்ம பாட்டு!” என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் கண்ணுக்குச் செய்தி போய்விடுகிறது.

சரி, இனி இனிப்பின் கதை.

சுவிட்சர்லாந்தின் ஃப்ரீபோர்க் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, குரங்குகளின் நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்களை ஒவ்வொன்றாகக் கவனித்துவந்தார். குரங்கின் வாயில் திடீரென்று ஒரு சொட்டுப் பழச்சாறு விழும். அந்தச் செல்கள் படபடவென்று துடிக்கும். அடுத்த கட்டத்தில், சாறு வருவதற்குச் சற்று முன் ஒரு விளக்கு எரியும். சில நாள் இப்படியே பழகியதும் துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது செல்கள் ஒன்றும் சொல்லவில்லை. சாற்றில் ஒரு துளிகூடக் குறையவில்லை, ஆனாலும் மௌனம். விளக்கு எரிந்து சாறு வராமல் போனாலோ, எந்த நொடியில் வந்திருக்க வேண்டுமோ மிகச் சரியாக அந்த நொடியில் செல்களின் வழக்கமான துடிப்பும் அடங்கியது.

அப்படியென்றால் இந்தச் செல்கள் அளப்பது என்ன? எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. 1997-ல் பீட்டர் டயன், ரீட் மாண்டேகு ஆகியோருடன் சேர்ந்து ஷுல்ட்ஸ் எழுதிய கட்டுரை இதைக் கணிதமாகவே காட்டியது. கணினிக்குக் கற்பிக்க எழுதப்பட்ட ஒரு சமன்பாட்டில் வரும் ‘கணிப்புப் பிழை’யும் குரங்கின் நரம்பு செல் துடிப்பும் ஒன்றுபோலவே நடந்துகொண்டன. முதன்முதலில் இதைப் படித்தபோது ஏற்பட்ட சிலிர்ப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது வாசகரின் போனுக்கு வருவோம். பாட்டின் பெயரை விரல் தொடும் கணமே அவருக்கு விளக்கு எரிந்துவிடுகிறது. பாட்டு வருவதில் மிச்சம் ஏதுமில்லை. தெருவிலோ விளக்கே கிடையாது, நேராகச் சாறு. முதல் ஒலித்துணுக்கே முழுக் கணிப்புப் பிழையாக, அதாவது முழுப் பரிசாக விழுகிறது. அப்புறம் அதே துணுக்கு விளக்காகவும் மாறிவிடுகிறது, ஏனென்றால் அடுத்து வரப்போகும் ஒவ்வொரு வரியும் அவருக்கு மனப்பாடம். வலோரி சலிம்பூர், ராபர்ட் சடோரே குழு 2011-ல் கண்டது இங்கே பொருந்துகிறது: மனதை உருக்கும் இடம் நெருங்கும்போது காடேட் என்ற பகுதியிலும், அந்த இடம் வந்தே விட்டபோது நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியிலும் டோபமின் சுரக்கிறது. பாட்டு வந்த நேரம் புதிது, பாட்டு பழையது. இரண்டின் லாபமும் ஒருசேரக் கிடைப்பதால்தான் அந்தச் சிலிர்ப்பு என்பது என் கணக்கு.

ஷுல்ட்ஸ் இதைத் தேடிப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டோபமின் செல்கள் அழிவதால் பார்க்கின்சன் நோயில் உடல் அசைவு தடுமாறுகிறது. அசைவுக்கும் இந்தச் செல்களுக்கும் என்ன உறவு என்று பார்க்கத்தான் அவர் தொடங்கினார். “இதனால் உடனடிப் பயன் என்ன?” என்று கேட்டே ஆராய்ச்சி நிதியை நிறுத்துகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

இன்னொன்று. இப்படிக் கேட்ட பாட்டைச் சகுனமாக, பிரபஞ்சம் அனுப்பிய சேதியாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பிடித்த பாட்டு எதுவும் ஒலிக்காத தெருக்கள் வழியாக நாம் எத்தனையோ முறை நடந்திருக்கிறோம். அங்கே எதையும் எதிர்பார்க்கவில்லை, எதுவும் வரவுமில்லை. பிழை பூஜ்யம், ஆகவே நினைவிலும் பதிவில்லை. ஒலித்த ஒரு தெரு மட்டும் தங்கிவிடுகிறது.

அது தங்குவதற்கு ஊரின் புதுமையும் ஒரு காரணமாக இருக்கலாம். எலிகளுக்கு ஒரு விஷயத்தைப் பழக்கிச் சற்று நேரத்தில் புது இடத்தில் உலவ விட்டால், பழகியது கூடுதல் நேரம் நினைவில் நிற்கிறது. நினைவைப் பதியவைக்கும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸில் டோபமினின் வேலையைத் தடுத்தால் அந்த லாபம் போய்விடுகிறது.

பாட்டு பாதியில் நின்றுவிட்டால்? யாரோ கதவைச் சாத்துகிறார்கள், அல்லது பாட்டைச் சுமந்துவந்த வண்டி திரும்பிவிடுகிறது. வராத சாறுக்கு அடங்கிய செல்களைப் போல இங்கேயும் ஓர் ஏமாற்றம் பதிவாகும். ஆனால் மூளையில் ஒலியைக் கையாளும் செவிப்புலப் புறணி அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. 2005-ல் டேவிட் கிரேமர் குழுவினர் பாடல்களின் நடுவே சில செகண்டுகளை வெட்டி மௌனமாக்கி, கேட்பவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். தெரியாத பாடல்களைவிடத் தெரிந்த பாடல்களின் மௌனத்தில் அந்தப் பகுதி கூடுதலாக இயங்கியது. அந்த இடைவெளியிலும் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்ததாகப் பங்கேற்றவர்கள் சொன்னார்கள்.