குடிநீர்க் குழாயிலும் கழிவுநீர்க் கசடிலும் மின்சாரம்: அமெரிக்காவில் விற்பதற்கு என்ன விதி?

குடிநீர், கழிவுநீர் வாரியங்கள் மின்சாரம் தயாரித்து விற்கலாமா என்றால், அமெரிக்காவில் தாராளமாக விற்கலாம். தயாரிப்பதற்கு ஒரு சட்டம், விற்பதற்கு வேறொரு சட்டம், அவ்வளவுதான்.

முதலில் குழாய். மேட்டிலிருந்து இறங்கி வரும் தண்ணீரின் அழுத்தத்தை ஊருக்குள் விடும் முன் வால்வு வைத்துக் குறைப்பார்கள், அந்த இடத்தில் டர்பைன் வைத்தால் வீணாகப் போகும் அழுத்தமே மின்சாரமாகிவிடும். இதற்கு உரிமமோ உரிம விலக்கோ வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலையை 2013 சட்டம் மாற்றியது: 5 மெகாவாட் வரை உரிமம் வேண்டாம். 2018இல் அது 40 மெகாவாட் ஆனது. கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு விவரங்களோடு அறிவிப்பு அனுப்பினால் 15 நாளில் முதல் முடிவு சொல்வார்கள், அப்புறம் 30 நாள் யாரும் ஆட்சேபிக்கலாம். குழாய் மத்திய அரசுக்குச் சொந்தமானதாக இருக்கக் கூடாது. குடிநீர், பாசனம், தொழிற்சாலை என்று தண்ணீர் கொடுப்பதுதான் அதன் முதல் வேலையாக இருக்க வேண்டும். மிக நியாயமான நிபந்தனை இது, இல்லாவிட்டால் குழாய் என்ற பெயரில் புது நீர்மின் நிலையமே கட்டிவிடுவார்கள்.

கழிவுநீரில் இந்தச் சிக்கலே இல்லை. கசடிலிருந்து வரும் மீத்தேனை எரித்து எடுக்கும் மின்சாரத்துக்கு நீர்மின் உரிமம் எதற்கு? புகைக்கான அனுமதிதான் முக்கியம்.

சரி, யார் வாங்குவார்கள்? 1978ஆம் ஆண்டின் பர்பா (PURPA) என்ற மின் நிறுவன ஒழுங்குமுறைச் சட்டப்படி, 80 மெகாவாட்டுக்கு உட்பட்ட இத்தகைய நிலையங்களின் மின்சாரத்தை அந்தப் பகுதி மின் நிறுவனம் வாங்கியாக வேண்டும். 1 மெகாவாட்டைத் தாண்டினால், உங்கள் நிலையம் இந்தச் சட்டத்தின் கீழ் தகுதி பெறுகிறது என்ற சான்றை நீங்களே அந்த ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மின்சாரத்தை மொத்த வியாபாரமாக வாங்கி விற்கும் சந்தை இயங்கும் பகுதிகளில் 5 மெகாவாட்டுக்கு மேல் போனால், வாங்கும் கட்டாயத்திலிருந்து மின் நிறுவனம் விலக்குக் கேட்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலைதான் உண்மையான விஷயம். உங்களிடம் வாங்காமல் வேறு வழியில் அந்த மின்சாரத்தைப் பெற மின் நிறுவனத்துக்கு என்ன செலவாகுமோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் விலை, நீங்கள் கட்டும் மின்கட்டணத்தைவிட அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதனால் முதலில் சொந்த மோட்டார்களுக்கும் காற்றூதிகளுக்கும் பயன்படுத்துங்கள், மிஞ்சியதை விற்றால் போதும். கலிஃபோர்னியாவில் உள்ள ஓக்லாந்தின் கழிவுநீர் நிலையம், வெளியிலிருந்து வரும் உணவுக் கழிவையும் சேர்த்துப் போட்டு, 2012இல் தன் தேவைக்கு மேல் தயாரித்து மிச்சத்தை விற்கத் தொடங்கியது. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் 2015இல் குடிநீர்க் குழாய்க்குள் ஓடத் தொடங்கிய, மொத்தம் 200 கிலோவாட் டர்பைன்களின் மின்சாரம் முழுக்க விற்பனைக்குத்தான், ஆனால் அங்கே கையில் 20 ஆண்டு ஒப்பந்தம் இருந்தது. அப்படி ஒன்று கிடைக்குமா, மின்கட்டமைப்போடு இணைக்கும் செலவு யார் தலையில் விழும் என்பதை டர்பைனுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.