கிரீன் ரூமில் விட்டுவைத்த வயலின்

1936 பிப்ரவரி 28, நியூயார்க் கார்னகி ஹால். மேடையில் வயலின் மேதை ஹூபர்மன், குவார்னேரி என்ற இத்தாலியக் கைவினைஞர் செய்த வயலினை வாசித்துக்கொண்டிருக்கிறார். 1713இல் புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த அவருடைய இன்னொரு வயலின் கிரீன் ரூமில் இருக்கிறது. கச்சேரி முடிவதற்குள் அது திருடுபோய்விட்டது. 1919இல் வியன்னாவிலும் ஒருமுறை திருடுபோய்த் திரும்பக் கிடைத்த அதே வயலின்!

ஜூலியன் ஆல்ட்மன் என்ற வாத்தியக்காரர் அதை ஐம்பது வருடம் நாலு பேர் பார்க்கவே வாசித்தார். 1985இல் சாகும் தறுவாயில்தான் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். அடையாளம் தெரியாமலிருக்க அதன்மேல் ஷூ பாலிஷ் ஏற்றப்பட்டிருந்தது. மெழுகும் சாயமும் தேய்ந்த வார்னிஷுக்குள் இறங்கிவிடும். அதைக் கரைக்கிற திரவம் பழைய வார்னிஷையும் கரைத்துவிடும் என்பதால், லண்டனில் மாதக்கணக்கில் உட்கார்ந்து சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

வீட்டு வயலினுக்கும் இதே ஆபத்துதான். ஸ்பிரிட், சானிடைசர், மரச்சாமான் பாலிஷ் எதுவும் வேண்டாம். வாசித்து முடித்ததும் தந்திக்கு அடியில் படிந்த ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்) தூளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். விட்டுவைத்தால் வியர்வையோடு சேர்ந்து வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

திருடுபோனால் உங்கள் வயலின் இதுதான் என்று காட்ட, உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளை அடையாளமாக நம்ப முடியாது. ஸ்ட்ராடிவாரி பெயர் அச்சிட்ட லேபிள்கள் தொழிற்சாலை வயலின்களில் ஆயிரக்கணக்கில் உண்டு. மேல்பலகையின் மர ரேகைதான் அடையாளம்; அது வயலினுக்கு வயலின் மாறும். முன், பின், பக்கவாட்டு, தலைச்சுருள், எஃப் துளை, பழைய விரிசல், ஒட்டு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில், அருகே ஸ்கேல் வைத்து நெருக்கமாகப் படமெடுங்கள். அந்தப் படங்கள் வயலின் பெட்டியில் இருக்கக் கூடாது. (பெட்டியோடு போய்விடும்!)

காப்பீட்டில் பலரும் படிக்காத இடம் ஒன்று உண்டு. லண்டன் காப்பீட்டு நிறுவனமான லாய்ட்ஸ் அன்று ஹூபர்மனுக்கு 30,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. அதனால் 1987இல் வயலின் திரும்பியபோது அது லாய்ட்ஸின் சொத்து. 1947இல் இறந்த ஹூபர்மனின் குடும்பத்துக்கு அது போகவில்லை. திருடுபோனது கிடைத்தால், இழப்பீட்டுத் தொகையைத் திருப்பிக் கட்டி வாங்கிக்கொள்ள உரிமை உண்டா என்று பாலிசி எடுக்கும்போதே கேளுங்கள். பூட்டிய காரில் ஆளில்லாமல் விட்டால் செல்லுமா, கிரீன் ரூமுக்கு என்ன நிபந்தனை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வில்லைத் தனியாக மதிப்பிட்டுச் சேருங்கள். நல்ல வில்லின் விலை சில சமயம் வயலினையே மிஞ்சிவிடும்.