பேக்கப் இருக்கிறது, மீட்டுப் பார்த்தீர்களா?

கணினியிலுள்ள ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் என்றதும் ஏதோ ஒரு கம்பெனியின் தலைவலி என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். ஒரு நாட்டின் கஜானாவே முடங்கினால் என்ன ஆகும் என்பதை 2022-இல் கோஸ்டா ரிகா அனுபவித்தது.

அந்த ஏப்ரலில் கான்டி என்ற கும்பல் அந்நாட்டு நிதி அமைச்சகத்தின் கணினிகளுக்குள் புகுந்தது. வரி செலுத்தும் தளமும் சுங்கத் துறையின் கணினி அமைப்பும் நின்றுபோயின. சுங்கப் படிவங்களைக் காகிதத்தில் நிரப்ப வேண்டிய நிலை. சரக்குகள் தேங்கின. ஆசிரியர்கள் பலருக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. முதலில் 1 கோடி டாலர் கேட்டவர்கள் பிறகு 2 கோடி என்றார்கள். அரசு கொடுக்க மறுத்தது, என் பார்வையில் அது சரியான முடிவு. மே 8 அன்று பதவியேற்ற அதிபர் ரோட்ரிகோ சாவேஸ் உடனே தேசிய அவசரநிலையை அறிவித்தார். மே 31 அன்று ஹைவ் என்ற கும்பலின் ரேன்சம்வேர் பொது மருத்துவமனைகளை நடத்தும் சமூகப் பாதுகாப்பு நிதியத்தைத் தாக்கியது. அதிகாலையில் பிரிண்டர்கள் தாமாகவே புரியாத எழுத்துகளை அச்சிட்டுத் தள்ளின. நோயாளிகளின் மின்னணுப் பதிவேட்டை அணைத்துவிட்டு மருத்துவர்கள் பேனாவை எடுத்தார்கள். வரித் தளமும் சுங்க அமைப்பும் ஜூனில்தான் மீண்டன.

தாக்குதல் நடந்த அலுவலகங்களுக்குப் போகும்போது நான் முதலில் கேட்பது பேக்கப் பற்றித்தான். "இருக்கு சார், தினமும் ராத்திரி தானா ஓடிடும்" என்பார்கள். போய்ப் பார்த்தால் சர்வருக்குப் பக்கத்திலேயே, அதே நெட்வொர்க்கில், அதே அட்மின் பாஸ்வேர்டில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி இருக்கும். அதிலுள்ள ஃபைல்களும் பூட்டப்பட்டிருக்கும். உள்ளே நுழைந்தவுடன் இந்தக் கும்பல்கள் ஃபைல்களைப் பூட்டுவதில்லை. பல நாள் சத்தமில்லாமல் சுற்றி, அட்மின் உரிமையைப் பிடித்து, தரவுகளை வெளியே கடத்துகிறார்கள். பிறகு பேக்கப்பைத் தேடி அழிக்கிறார்கள். விண்டோஸ் தானே எடுத்து வைத்திருக்கும் ஷேடோ காப்பிகளை, அதாவது ஃபைல்களின் பழைய பிரதிகளை, அழிக்க அவர்களுக்கு ஒரு வரிக் கட்டளை போதும். பூட்டு விழுவது கடைசியில்தான், பெரும்பாலும் ஆள் இல்லாத இரவிலோ விடுமுறையிலோ.

இலங்கையில் 2023 ஆகஸ்டில் அரசு மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் போயே போய்விட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அந்தக் காலத்துக்குப் பேக்கப்பே இல்லை. ஓர் அரசின் மூன்று மாதக் கடிதப் போக்குவரத்து அது! டில்லி எய்ம்ஸ் 2022 நவம்பரில் முடங்கியபோதும் ஓபி பதிவு முதல் லேப் ரிப்போர்ட் வரை பல நாள் கையெழுத்தில்தான் ஓடியது.

அதனால் பெரிய பட்ஜெட்டுக்கு முன்னால் நான் வற்புறுத்துவது இதைத்தான். பேக்கப்பின் ஒரு பிரதியாவது நெட்வொர்க்கோடு ஒட்டாமல் தனியே இருக்க வேண்டும். அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து வைக்க வேண்டும். வெளியிலிருந்து இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்குக்குள் வர உதவும் விபிஎன் கணக்கு ஒவ்வொன்றுக்கும் ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயம். 2021-இல் குழாய் வழியே எரிபொருள் அனுப்பும் அமெரிக்க நிறுவனமான கலோனியல் பைப்லைனின் நெட்வொர்க்குக்குள் நுழைய, அந்தச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கே வழிவிட்டது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பெட்ரோல் பங்குகள் காலியாகின.

தாக்குதல் நடந்துவிட்டால் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்காதீர்கள். தாக்கப்பட்ட கணினிகளின் நெட்வொர்க் இணைப்பை உடனே துண்டியுங்கள், கணினியில் நடந்தவை பதிவாகும் லாக்குகளை அழிக்காதீர்கள். இந்தியாவில் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்-க்குத் தகவல் கொடுப்பது நிறுவனங்களுக்குக் கட்டாயம். உங்களை அடித்தவன் அடுத்து எந்த மின்வாரியத்தையோ மருத்துவமனையையோ குறிவைக்கிறான் என்பதற்கான தடயம் உங்கள் லாக்குகளில் இருக்கலாம்.