அப்பாக்களே, முதல் நாளே எகிறி உதைக்காதீர்கள்

மறுபடியும் ஓர் அப்பா. வயது நாற்பத்து மூன்று. மகனைக் கராத்தே வகுப்பில் சேர்த்துவிட வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிருக்கிறார். "நீங்களும் பழைய மாணவர்தானே, ஒரு கை பாருங்கள் சார்" என்று மாஸ்டர் சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டார். எகிறி ஓர் உதை. அது அழகாகவே வந்ததாம். அடுத்த உதைக்குத் தரையை உந்தியபோது பின்னங்காலில் யாரோ கட்டையால் அடித்தது போலிருக்க, கோபத்துடன் திரும்பிப் பார்த்திருக்கிறார். பின்னால் யாரும் இல்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். வீட்டில் 'குதிகால் நரம்பு' என்பார்களே, அந்தக் குதிகால் தசைநார் அறுந்து வருபவர்களில் ஷட்டில், கிரிக்கெட் ஆடுபவர்கள் எப்போதும் உண்டு. சமீப காலமாகப் பழைய கராத்தே, சிலம்ப மாணவர்கள் தனி வரிசையாக வருகிறார்கள். பெரும்பாலும் ஆண்கள், முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயது, ஞாயிற்றுக்கிழமைக் காயம். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "நாங்களெல்லாம் தெருவில் ஆடி வளர்ந்த உடம்பு மேடம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரி இல்லை."

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

சிறுவயதில் ஓடியாடியது, வங்கியில் போட்ட வைப்புத்தொகை போல முப்பது வருடம் வட்டியோடு வளர்ந்து காத்திருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு கணக்கு உடம்பில் கிடையாது. தசை, உபயோகிக்காத சில வாரங்களிலேயே கரையத் தொடங்குகிறது. தசைநாரின் விறைப்பும் தாங்குதிறனும் அதற்குக் கிடைக்கும் வேலையைப் பொறுத்தவை. வேலை நின்றால் அவையும் குறையும். நீங்கள் ஓடும்போதே குதிகால் தசைநார் உங்கள் உடல் எடையைப் போல் 6 மடங்குக்கும் மேலான இழுவிசையைத் தாங்குகிறது. எண்பத்தைந்து கிலோவுடன் அலுவலக நாற்காலியிலிருந்து நேராக எகிறி உதைக்கப் போகிறவர் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2013-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. பிறகு படிப்படியாகக் குறைந்தது. உடலின் திசுக்களில் அது எவ்வளவு பதிந்திருக்கிறது என்று பார்த்தால் அந்தத் திசு எந்த ஆண்டில் உருவானது என்று மதிப்பிடலாம். இப்படிக் குதிகால் தசைநாரைச் சோதித்ததில், அதன் உட்பகுதி ஏறக்குறைய பதினேழு வயதுக்குள் உருவாகிவிடுகிறது என்றும், அதன்பின் பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதில்லை என்றும் தெரிந்தது. இதை நான் சொன்னதும் ஒரு நோயாளி துள்ளிவிட்டார்: "பார்த்தீர்களா, அதே பழைய நார்தான்!" ஆமாம் ஐயா, அதேதான். கில்லி ஆடியபோது இருந்த அதே நார், நடுவில் கால் நூற்றாண்டு வேலையில்லாமல், சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்த பிறகு. பழசு என்பதைத்தானே நானும் சொல்கிறேன்?

மறக்காமல் இருப்பது மூளை. உதையின் வரிசை, இடுப்பைத் திருப்பும் நேரம், கம்பு வீச்சுக்கான காலடி எல்லாம் பல ஆண்டுகள் கழித்தும் ஓரளவு அப்படியே வரும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நாற்பது வயதில் முதல்முறையாகக் கராத்தேக்கு வருபவருக்கு எகிறத் தெரியாது; தெரியாததால் எகிறமாட்டார்; எகிறாததால் என்னிடம் வருவதும் குறைவு. பழைய மாணவருக்குத்தான் பதினாறு வயது உதையைப் போடத் தெரியும்.

அந்தப் பதினாறு வயதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ப்ரூஸ் லீ 1973-இல் இறந்துவிட்டார். அதற்குப் பல வருடங்கள் கழித்தும் சென்னையின் முடிதிருத்தகச் சுவர்களில் அவர் சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். வீடியோ கேசட் வாடகைக்குக் கிடைத்த காலத்தில் இரண்டு மரத்துண்டுகளைச் சைக்கிள் சங்கிலியால் கோத்துச் சுழற்றித் தன் நெற்றியையே பெயர்த்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறைக்குத் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம்; வடசென்னையில் குத்துச்சண்டை. இன்றைய பிள்ளைக்கு வெள்ளைச் சீருடை, கலர் கலராக பெல்ட், தேர்வுக் கட்டணம், வகுப்பு முடிந்ததும் கையில் செல்போன்.

இந்த ஒப்பீட்டில் அப்பாக்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். உங்கள் உடம்பை உருவாக்கியது கராத்தே வகுப்பு அல்ல. வாரத்தில் இரண்டு மாலை, மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் வகுப்பு. மீதி நேரமெல்லாம் பச்சைக்குதிரை தாண்டினீர்கள், நொண்டி அடித்தீர்கள், அறுந்த காற்றாடியின் பின்னால் ஓடினீர்கள், பந்து விழுந்த வீட்டுச் சுவர் ஏறிக் குதித்தீர்கள். பச்சைக்குதிரையும் நொண்டியும் குதிகால் தசைநாருக்கு எப்பேர்ப்பட்ட பயிற்சி என்று தெரியுமா? அறுவை சிகிச்சைக்குப் பிறகு, கடைசிக் கட்டத்தில், நான் உங்களை ஒற்றைக் காலில் குதிக்க வைப்பேன். ஒருவருக்கும் அப்போது நொண்டி நினைவுக்கு வருவதில்லை. 'புதிய உடற்பயிற்சி' என்று வீடியோ எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் பிள்ளைக்கு அந்த அடித்தளம் இல்லை. வகுப்பு மட்டும்தான் இருக்கிறது. 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு ஏழு மணி நேரம். இரண்டு வகுப்பு போக மீதி ஐந்து மணி நேரம் எங்கே? "இவன் வெளியே போகவே மாட்டான் மேடம்" என்று பிள்ளையின் முன்னாலேயே குறை சொல்கிறீர்கள். நீங்கள் ஆடிய காலி மனையில் இன்று அடுக்குமாடி நிற்கிறது; தெருவின் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது, அதில் ஒன்று உங்களுடையது. செல்போனும் அவன் சம்பாதித்து வாங்கியதில்லை.

ஏக்கத்தின் இன்னொரு விளைவு இதைவிட மோசம். பிள்ளைகள் 'மென்மையாக' வளர்கிறார்கள் என்று அவர்களை இறுக்கப் பார்ப்பது. கால்களை அகல விரித்து உட்காரும் பயிற்சியில், பிள்ளையின் தோளில் கையை வைத்து மேலிருந்து அழுத்தும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. "எங்கள் மாஸ்டர் முதுகில் ஏறியே நிற்பார்" என்று அப்பா பெருமையாகச் சொல்கிறார். வளரும் வயதில் தசைநாரைவிட, அது எலும்போடு சேரும் வளர்பகுதிதான் பலவீனம். அழுத்தி இழுத்தால் தொடையின் பின்தசை, இடுப்பெலும்பின் அடியிலிருந்து ஒரு துண்டு எலும்போடு பெயர்ந்து வரலாம். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளை இந்தக் காயத்தோடு பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் வலிக்கிறது என்று சொல்லியும் அழுத்தியிருக்கிறார்கள். இதில் எனக்குப் பொறுமை கிடையாது.

மொட்டை மாடி சிமென்ட் தரையில் முஷ்டியை ஊன்றித் தண்டால், ஓடு உடைப்பது, எட்டு வயதில் தலைக்கு அடிவாங்கும் சண்டை, எதுவும் வேண்டாம். "அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" ஆனவர்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள், அவர்கள் பெயர் உங்களுக்கு நினைவில்லை. குதிகாலிலோ, முழங்காலுக்குக் கீழே புடைத்த இடத்திலோ வலி என்று எட்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னால் சாக்குப்போக்கு என்று நினைக்காதீர்கள். அதுவும் வளர்பகுதியின் வலிதான். பயிற்சியைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும்.

கலைகளின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது என்னிடம் வரும் பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் பூரித்தேன். திரும்பி ஆடப் போகும் அப்பாக்களையும் தடுக்கவில்லை. வாருங்கள், ஆனால் மெதுவாக வாருங்கள்.

முதல் மூன்று மாதம் எகிறக் கூடாது. சுவரைப் பிடித்து இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குங்கள். சில வாரம் கழித்து ஒற்றைக் காலில். பிறகு வேக நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு கயிறு தாண்டுதல், அதற்குப் பிறகுதான் உதை. குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டுவிட்டு உடம்பு சூடாகிவிட்டது என்று சொல்லாதீர்கள், வியர்க்கும்வரை நடந்துவிட்டு வாருங்கள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது குதிகாலுக்கு மேல் பிடிப்பு இருந்தால் அன்று எகிற வேண்டாம். நாற்பதைக் கடந்தவர், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர், முதலில் மருத்துவரைப் பாருங்கள். வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கும் ஆஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் தசைநார் அறுபடும் ஆபத்தைக் கூட்டுபவை. 2008-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கடும் எச்சரிக்கை போடச் செய்தது. இதைக் கேட்டால் எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். சீட்டில்லாமல் வாங்காதீர்கள், வேறென்ன சொல்ல.

சத்தம் கேட்டதா, பின்னங்காலில் அடி விழுந்தது போலிருந்ததா, அப்படியே உட்காருங்கள். காரை நீங்களே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொல்லாதீர்கள். விரலை அசைக்க முடிகிறது, பாதத்தைக் கொஞ்சம் கீழே அழுத்த முடிகிறது, ஆகவே வெறும் சுளுக்கு என்று முடிவு கட்டாதீர்கள்; அருகிலுள்ள வேறு தசைகள் அந்த வேலையைச் செய்துகாட்டி ஏமாற்றும். குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, வேறொருவரைக் கெண்டைக்கால் தசையை அமுக்கச் சொல்லுங்கள். நல்ல காலில், நின்றபடி விரல்களால் தரையை அழுத்துவது போலப் பாதம் அசையும். அடிபட்ட காலில் அசையவில்லை என்றால் அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். அசைந்தாலும் ஒருமுறை காட்டிவிடுவதில் நட்டமில்லை. வாரக்கணக்கில் சுளுக்கு என்று கட்டிவைத்துவிட்டு வந்தால் அறுந்த முனைகள் விலகிப் போயிருக்கும். அறுவை சிகிச்சையும் பெரிதாகும், என் வேலையும் இரட்டிப்பாகும்.

அறுவை சிகிச்சையா, கட்டா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்; சரியான நேரத்தில் வந்தால் இரண்டுமே பலன் தரக்கூடியவை. எதுவானாலும் ஆறு மாதத்துக்குக் குறைந்து விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டாம், ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். "எப்போது வகுப்புக்குப் போகலாம்?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பவர்களுக்கு என் பதில் தேதி அல்ல. அடிபட்ட காலில் மட்டும் நின்று, குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். நல்ல கால் எத்தனை முறை, எவ்வளவு உயரம் தூக்குகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு இந்தக் காலும் தூக்கட்டும். பிறகு நொண்டி. பிறகு மாஸ்டருக்கு நானே கடிதம் எழுதித் தருகிறேன்.