எலெக்ட்ரிக் காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டு எர்த்தைப் பாருங்கள்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை பக்கம் முதல் எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள். ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்? பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும்? மதுரை போய்விட்டுத் திரும்பி வர முடியுமா? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் வீட்டு வயரிங் வேலையே தொழிலாக இருக்கும் என்னைக் கூப்பிடுவது வண்டி வந்து இறங்கிய பிறகுதான். பிள்ளையார்பட்டியில் பூஜை முடிந்து மாலையோடு வண்டி நிற்கும். கூடவே கொடுத்த சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் சிவப்பு விளக்கு எரியும். “வண்டியில் ஏதோ கோளாறு” என்று போன் வரும்.

பெரும்பாலும் வண்டியில் கோளாறு இருக்காது. வீட்டில் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு, இருக்காது. சார்ஜர் தன் வேலையைத்தான் சரியாகச் செய்கிறது. எர்த் இல்லாத இடத்தில் மின்சாரம் எடுக்க மாட்டேன் என்கிறது.

நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் வயரிங் மரப்பட்டையில் ஓடியது. அப்புறம் அங்கங்கே பிவிசி பைப் போட்டு ஒட்டுப்போட்டிருப்பார்கள். எர்த் குழி என்று ஒன்று கொல்லைப்பக்கம் இருக்கும், ஆனால் பைப்பின் தலையில் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும். செம்புறாங்கல் பூமி வேறு. சித்திரை, வைகாசியில் தரை காய்ந்து போனால், நல்ல குழியிலும் எர்த் வலுவிழக்கும். மின்விசிறியும் டியூப்லைட்டும் எர்த் இல்லாமலே ஓடும் என்பதால் இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இங்கேதான் என்னைக் கவலைப்பட வைக்கும் ஒரு பழக்கம் வருகிறது. பள்ளத்தூரில் ஒரு வீட்டில் புதுக் குழி தோண்ட வேண்டும் என்று சொன்னேன். அந்த வீட்டு ஆச்சி கேட்டார்: “ஏந் தம்பி, அடுத்த தெருவுல ஒரு பையன் ரெண்டு வயரைச் சேத்து முறுக்கி விட்டானாம், உடனே பச்சை லைட்டு எரிஞ்சுச்சாம். நீங்க மட்டும் எதுக்குக் குழி தோண்டச் சொல்றீங்க?”

அந்த “ரெண்டு வயரு” எது என்று சொல்கிறேன். மின்சாரம் வரும் வயர் ஃபேஸ், திரும்பிப் போகும் வயர் நியூட்ரல். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் நியூட்ரல் பின்னுக்கும் மேலே உள்ள பெரிய எர்த் பின்னுக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வயர் இருக்கும். சார்ஜர் அதை எர்த் என்று நம்பிவிடும், பச்சை எரியும், வண்டி சார்ஜ் ஏறும். மழைக்காற்றில் மின்கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் மட்டும் விட்டுப்போனால் என்ன ஆகும்? வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், ஃபிரிட்ஜ் வழியாக ஃபேஸ் அந்த நியூட்ரலுக்கு ஏறி, துண்டு வயரைத் தாண்டி, காரின் பாடிக்கே 230 வோல்ட் வந்துவிடும். லைன் வேலை பார்த்தவர்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், எதுவும் அறுந்துபோகக்கூடத் தேவையில்லை. காலில் செருப்பில்லாமல் ஈரத் தரையில் நின்று கார்க் கதவைத் திறக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஆச்சியிடம் இதைச் சொன்னதும், “முதல்ல குழியைத் தோண்டுங்க” என்றார்.

உங்கள் வீட்டில் இப்படி முறுக்கி விட்டிருக்கிறார்களா என்று தெரிய ஒரு வழி உண்டு. வீட்டில் மோட்டாரோ ஏசியோ ஓடும்போது, அந்தச் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் எவ்வளவு என்று எலெக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். நல்ல எர்த்தாக இருந்தால் பெரும்பாலும் கொஞ்சமாவது வோல்ட் காட்டும். சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால், சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். எர்த் குழியை எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, 5 ஓமுக்குள் இருந்தால்தான் நான் சரி என்பேன். அதோடு மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கார் லைனுக்கென்று தனியாக வேண்டும். எம்சிபி இருக்கிறதே என்பார்கள். எம்சிபி வயரைத்தான் காப்பாற்றும், ஷாக் அடிக்கும் ஆளைக் காப்பாற்றாது. ஆர்சிசிபி வாங்கும்போது ‘ஏ டைப்’ என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் ‘ஏசி டைப்’ காருக்குப் போதாது.

அடுத்தது தூரம். நான் சொல்வது வண்டி ஓடும் தூரத்தை அல்ல, வயர் ஓடும் தூரத்தை. நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. மீட்டர் முகப்பில் இருக்கும். வாசல்படி உயரம் என்பதால் கார் முன்பக்கம் ஏறாது, பின்கட்டுக்கு அந்தப் பக்கம் பழைய வண்டிக் கொட்டகையில்தான் நிற்கும். நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்ட வேண்டும். 50 மீட்டர் சாதாரணமாக வந்துவிடும். அந்தத் தூரத்துக்கு வழக்கமான 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 15 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 11 வோல்ட் போய்விடும், வயர் சூடாகும். தேய்ப்புப்பெட்டி கால்மணி நேரம் ஓடும், கார் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறும். பிளக் உருகுவது இப்படித்தான். மீட்டர் பக்கத்திலிருந்து தனி லைன், குறைந்தது 4 சதுர மி.மீ. போடுங்கள். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வைப்பதாக இருந்தால் 32 ஆம்பியர் ஓடும், இந்தத் தூரத்துக்கு 10 சதுர மி.மீ. கேட்பேன். ஆத்தங்குடிக் கல்லையோ சுண்ணாம்புப் பூச்சுச் சுவரையோ உடைக்க வேண்டியதில்லை. பக்கத்துச் சந்து வழியாக, மேலே இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிளை மண்ணுக்கடியில் கொண்டுபோகலாம்.

கரண்ட் பில் பற்றியும் கேட்கிறார்கள். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் சுமாராக 150 யூனிட், இரண்டு மாதத்துக்கு 300. ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீடு 600-க்குப் போகும். 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு விலை ஏறுவது மட்டுமல்ல, முதல் 200 யூனிட்டுக்குள் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும். அப்படியும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் மிச்சம்தான், பயப்பட வேண்டாம்.

காலம் பிடிப்பது பங்காளிகள் சேர்ந்திருக்கும் வீடுகளில்தான். மின் இணைப்பு தாத்தா பெயரிலேயே இருக்கும், அனுமதித்த லோடு அந்தக் காலத்துக் கணக்காக இருக்கும். காரின் 3.3 கிலோவாட், ஒரு கீசர், ஒரு ஏசி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் ஏழரை கிலோவாட் வந்துவிடும். லோடு கூட்டவும் மூன்று ஃபேஸ் வாங்கவும் மனுப் போட வேண்டும். அதற்கு முன் பெயர் மாற்றம், அதற்கு மற்றப் பங்காளிகளின் சம்மதம். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில். கையெழுத்து வந்து சேர மாதக்கணக்காகும். தைக்கு வண்டி எடுக்க நினைப்பவர்கள் ஆடியிலேயே பங்காளிகளிடம் பேசி வைப்பது நல்லது.

வருஷத்தில் பாதி நாள் வீடு பூட்டியிருக்கும் குடும்பங்கள் வண்டியை முழு சார்ஜில் விட்டுப் போகாதீர்கள். பாதி அளவில் நிழலில் நிறுத்துங்கள். பெரிய பேட்டரியைத் தவிர வண்டியில் தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியை என்ன செய்வது என்று ஷோரூமில் கேட்டு வையுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு வண்டியை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள் அல்லவா? அன்றைக்கே அதன் சார்ஜரையும் எடுத்து வரச் சொல்லுங்கள். கார் நிற்கப்போகும் இடத்தில், உங்கள் சாக்கெட்டில் சொருகி ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிறகு சார்ஜரை நிறுத்தி, மெயினை அணைத்துவிட்டு, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சிவப்பு எரிந்தாலோ பிளக் சுட்டாலோ, அட்வான்ஸ் கொடுக்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.